ஓட்டைச் சட்டியில் நட்ட கஞ்சா நாற்று

கெத்தாமா மலையில் அந்த வருஷம் வறட்சி எப்படி இருந்தது என்றால், எங்கள் ஊற்றிலிருந்த தவளைகள் டெத்துவான் பட்டணத்துக்கு பஸ் ஏறிவிட்டன. நானே பார்த்தேன். கண்டக்டர் அரை டிக்கெட்தான் போட்டார். நல்ல மனுஷன்.

எங்கள் சரிவில் கோதுமை நிற்காது, கஞ்சாதான் நிற்கும். அந்த வருஷம் அதுவும் கருகிவிட்டது. தயிர் டப்பாக்களில் நான் முளைக்க வைத்திருந்த நாற்றுகள் மட்டும் மிச்சம். நிலத்தில் நடலாமென்று மண்வெட்டியை ஓங்கினேன். தீப்பொறி பறந்தது. என் மச்சினன் ஹத்தூ அதில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, "பரவால்ல மச்சான், தீப்பெட்டிச் செலவு மிச்சம்" என்றான்.

என் மனைவி மிமுந்த் அன்றே சொல்லிவிட்டாள்: "யோவ் கெழவா, அறுப்பு வரைக்கும் தாங்குற மாதிரி ஒரே ஒரு செடியக் காட்டு, இருந்துடுறேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை தம்பி வண்டியில மக வீட்டுக்குப் போறேன். கழுதையும் நானும் ஒரே வாளியில குடிச்சது போதும்."

அதனால் சட்டி தேடினேன். ஆலிவ் வந்த தகர டப்பாவில் ஒன்றை நட்டேன். மத்தியான வெயிலில் வேர் வெந்து, சூப் வாசனை கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரர் ரொட்டியோடு வந்து நின்றார். புது மண்பானை, செடிக்கு ஊற்றிய தண்ணீரையெல்லாம் தானே குடித்துவிட்டு இன்னும் கேட்டது. தட்டைச் சட்டியில் வேருக்கு இறங்க இடமில்லை. சுற்றிச் சுற்றி வந்து தன் வாலையே பிடித்துக்கொண்டது. இப்படி ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒரு நாற்றுதான் நின்றது.

வீட்டில் அதற்கேற்ற சட்டியும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமைதோறும் மிமுந்த் கோதுமை ரவையில் கூஸ்கூஸ் அவிக்கிற சட்டி. நல்ல ஆழம். வருஷக்கணக்கில் ஆவியும் எண்ணெயும் ஏறிக் கறுத்த மண், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது. ஆவி ஏற அடியில் ஓட்டைகளும் தயாராக இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஊற்றுக்குப் போன சமயம், தயிர் டப்பாவைக் கீறி, மண்கட்டி உடையாமல் நாற்றை எடுத்து அதில் வைத்தேன். நிமிர்ந்து நின்றது.

அவள் கால் வாளித் தண்ணீரோடு வந்தாள். பின்னாலேயே ஹத்தூ, சாப்பாட்டு முகத்தோடு.

"என்னக்கா, வெள்ளிக்கிழமை, அடுப்பு புகையவே இல்ல?"

அவள் சட்டியைப் பார்த்தாள். நான் கழுதைக்குப் பின்னால் ஒதுங்கினேன். இதைவிடச் சின்னக் குற்றத்துக்கு ஒருமுறை அவள் போட்ட சத்தத்தில், எதிர்மலை வாதுமை மரம் காயுதிர்த்தது. மரத்துக்காரன் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கத்தவில்லை. இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் நட்டிருக்க."

"திட்டுடி."

"எதுக்கு? நீயே வச்சுக்க. மக வீட்டுல சட்டி இருக்கு."

"செடியக் காட்டச் சொன்ன, காட்டிட்டேன்ல?"

"அறுப்பு வரைக்கும்னேன். தண்ணி எங்க?"

"இரு, எடுத்துட்டுக் கழுவித் தர்றேன். நீ கூஸ்கூஸ் போடு. சாப்பிட்டுப் பேசலாம்."

"ஒரே நாள்ல ரெண்டு தடவ புடுங்கினா செத்துடும். உனக்குத் தெரியாததா?"

மூட்டை ஏற்கெனவே கட்டியிருந்தது. ஹத்தூ அதை வண்டியில் ஏற்றிவிட்டு வந்தான்.

"நீங்களும் வாங்க மச்சான். எடம் இருக்கு."

"செடிய யாரு பாக்குறது?"

ஹத்தூ அக்காவைப் பார்த்தான். அவள் வாளியை என் கையில் கொடுத்தாள். "பாதி நீ குடி. எல்லாத்தையும் அதுக்கே ஊத்திடாத."

வண்டி வளைவில் மறைந்ததும் எல்லாவற்றையும் அதற்கே ஊற்றினேன். மத்தியானத்துக்குள் இலைகள் சுருண்டன. வெயிலுக்கும் செடிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். வெயில் என்னைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தது.