கிகோங்கோவின் வேகனுக்கு ஒரு எண்

காலை ஒன்பதே முக்கால். பத்து மணிக்குள் பெண் வீட்டு வாசலில் நிற்காவிட்டால் அபராதம். முன்னதாகவே வந்துவிட்டோம். எல்லோரும் கணுக்கால் வரை நீண்ட வெள்ளை அங்கியான கன்ஸு அணிந்திருந்தோம். கையில் பழக்கூடைகள், சர்க்கரை, ஒரு சேவல். மாப்பிள்ளை லுபேகா என் பக்கத்தில் நின்றான். அவன் வாசலைப் பார்க்கவில்லை. மதிலோரம் மாமரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுதாண்டா," என்றான்.

"தெரியும். நாம பொண்ணு கேட்டு வந்திருக்கோம். ஞாபகம் வெச்சுக்க."

1979 டொயோட்டா வேகன். எங்களுக்குத் தெரிந்து கம்பாலா பக்கம் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். லுபேகாவின் பட்டியலில் அதற்கு மட்டும் எண் இல்லை.

பட்டியல் எங்கள் பழைய வண்டிக்காரர்கள் குழுவுடையது. எந்த ஜப்பான் வண்டியின் பின்அச்சில் எந்த டிஃபரன்ஷியல் பல்சக்கரப் பெட்டி, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்ற வேண்டும் என்பதெல்லாம் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கும். உதிரி வாங்கப் போகிறவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சந்தைக்குள் நுழைவான். தப்பானதை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது அது. லுபேகா அதற்கு ஒரு விதி வைத்தான். கம்பெனித் தகடு என்ன சொன்னாலும் செல்லாது. ஒருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், ஒருவர் அடியில் படுத்து எண்ண வேண்டும், இருவரும் பெயர் போட வேண்டும். இந்த விதியால் குழுவில் நாலு பேர் அவனோடு பேசுவதில்லை.

வேகன் பெண்ணின் அப்பா கிகோங்கோவுடையது. வாங்கிய நாளிலிருந்து ஒரு போல்ட்கூடக் கழற்றியதில்லை என்பார். அந்நியன் எவனும் அதற்கு அடியில் படுக்கக் கூடாது என்பார். வண்டியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் சாலையில்தான். மசாகா ஊர் முன்பெல்லாம் நூற்றுமுப்பது கிலோமீட்டர், இப்போது மீட்டர் நூற்றறுபதுக்கு மேல் காட்டுகிறது, சாலை போட்டவர்கள் ஊரைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று பத்திரிகைக்கே எழுதியிருக்கிறார்.

லுபேகா வண்டியைக் கேட்கப் போன இடத்தில்தான் அவர் மகள் நன்டேஸாவைப் பார்த்தான். அதன் பிறகு மறுபடி மறுபடி போனது யாருக்காக என்பது குழுவில் இன்னும் தீராத விவாதம்.

உள்ளே விட்டார்கள். கூடாரத்தில் உட்கார்ந்தோம். எங்கள் பேச்சாளரும் அவர்கள் பேச்சாளரும் வழக்கம்போல ஒருவரையொருவர் நயமாக அவமதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கிகோங்கோ எழுந்து மைக்கைப் பிடுங்கினார்.

"தம்பி, உங்கிட்ட ஒரு பட்டியல் இருக்காமே. ஊர் வண்டியெல்லாம் இருக்காம். என் வண்டி மட்டும் இல்லையாம்."

எங்கள் பேச்சாளர் எழுந்தார். "ஐயா, நாங்க பெண் கேட்டு—"

"நீ உட்காருப்பா. உனக்குப் பொண்ணு கேக்கத்தான் கூலி பேசியிருக்காங்க, வண்டிக்கு இல்ல. தம்பி, முதல்ல என் வண்டியைப் பட்டியல்ல ஏத்து. வந்து எல்லார் முன்னாடியும் எண்ணைச் சொல்லு. அப்புறம்தான் பொண்ணு."

பெண்கள் குலவையிட்டார்கள். லுபேகாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, நன்டேஸா சரி என்று சொன்ன அன்றுகூட நான் பார்க்கவில்லை.

என் வண்டியிலிருந்து ஜாக்கி எடுத்து வந்தேன். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினோம். அவன் கன்ஸுவோடு அடியில் நுழைந்தான். மற்றச் சக்கரம் தரையில் இருந்தால் தூக்கிய சக்கரம் இரண்டு மடங்கு சுற்றும். அதனால் இருபது சுற்றுச் சுற்றிப் பத்தால் வகுப்போம். தகட்டின்படி எண் 3.9. நான் இருபது முடிக்கும்போது ஷாஃப்ட் முப்பத்தொன்பது காட்ட வேண்டும்.

என் பதினாறாவது சுற்றிலேயே அவன் முப்பத்தொன்பது என்றான்.

"தப்பா எண்ணுறடா."

"நீ சுத்து."

நாற்பத்தெட்டே முக்காலில் முடிந்தது. மறுபடி சுற்றினேன். மறுபடி நாற்பத்தெட்டே முக்கால்.

"நாலு புள்ளி எட்டு ஏழு அஞ்சு," என்றான் அடியிலிருந்து. "பட்டியல்ல இந்த எண் மினிபஸ்ஸுக்கு மட்டும்தான் இருக்கு. இவர் வண்டிக்குள்ள மினிபஸ் இருக்குடா."

அப்போது நன்டேஸாவின் அம்மா ஒரு முக்காலியோடு வந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி, வண்டியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். தரை தொடும் அவருடைய அகலமான கோமெஸி உடை விரிந்து, லுபேகா வெளியே வர இருந்த வழியை அடைத்துக்கொண்டது. மறுபக்கம் மதில். பின்னால் மாமரம். மாமியாரை மாப்பிள்ளை தொடக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது. மீறினால் ஆயுள் முழுக்கக் கை நடுங்கும். லுபேகா காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"பிள்ளை, உள்ள இருக்கறவர்கிட்ட கேளு," என்றார் அம்மா என்னிடம். "எவ்வளவு வந்துதாம்?"

"எவ்வளவுன்னு அம்மா கேக்கறாங்க."

"நாலு புள்ளி எட்டு ஏழு அஞ்சுன்னு சொல்லு."

"அம்மா, நாலு புள்ளி—"

"எனக்குக் காது கேக்கும். அவர்கிட்ட சொல்லு, எங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசம் நைரோபி போயிருந்தப்ப நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். நாமிரெம்பே மேட்டுல பின்னாடி பெரிய சத்தம். மெக்கானிக் கையில கிடைச்சதை மாட்டிக் குடுத்தான். இவர் திரும்பி வந்து ஓட்டிப் பாத்துட்டு, ஜப்பான்காரன் பண்ணின வண்டி மேடு ஏறுற அழகைப் பாருன்னாரு. பதினெட்டு வருஷமா சொல்லிட்டிருக்காரு."

அடியில் சிரிப்புச் சத்தம். "அதான் மசாகா தூரமாயிடுச்சு. ஷாஃப்ட் கூடச் சுத்துனா மீட்டரும் கூடக் காட்டும்."

அம்மா சிரிக்கவில்லை. "சிரிக்கறவர்கிட்ட சொல்லு. எழுதப்போற எண் மூணு புள்ளி ஒன்பது. இல்லேன்னா என் பொண்ணு இன்னிக்கு வெளிய வரமாட்டா."

"டேய், அம்மாகிட்ட சொல்லு. பட்டியல்ல பொய் எழுத முடியாது. எவனோ ஒருத்தன் அதை நம்பிச் சாமான் வாங்குவான்."

"அவருக்குப் பொண்ணு வேணுமா, பட்டியல் வேணுமான்னு கேளு."

கேட்டேன். குனிந்து மறுபடி கேட்டேன். "வேணும்," என்று வந்தது. எது என்று சொல்லவில்லை.

என் கைபேசி அதிர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து நன்டேஸா. "இன்னும் எவ்வளவு நேரம்? அடியிலேயே குடித்தனம் வெக்கப்போறானா?"

பெண்ணின் அத்தை புடவைத் தலைப்பு மாதிரி இடுப்புத் துணியைச் செருகிக்கொண்டு வேகமாக வந்தார். "அண்ணி, இங்க என்ன பண்றீங்க? அண்ணன் மைக்கைக் குடுக்க மாட்டேங்கறார். ரெண்டு தடவை பாடிட்டார்."

அம்மா எழுந்தார். போகும்போது என்னைப் பார்த்தார். "பெயர் போடற இன்னொரு ஆள் நீதானே? மத்தியானம் வாழையிலைல வெந்த கோழி. சாப்பிடணும்னு இருந்தா யோசிச்சுப் போடு."

லுபேகா வெளியே வந்தான். கழுத்திலிருந்து முழங்கால் வரை கிரீஸ்.

"என்ன சொல்லப்போற?"

"எண்ணினதை."

"பைத்தியமா?"

"இங்க அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிஞ்சவன் நீயும் நானும்தான்."

"அந்தம்மாவுக்கும் தெரியும்டா."

"அவங்க எங்கிட்டப் பேசக் கூடாதே."

கூடாரத்துக்கு நடந்தோம். கன்ஸுவைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிகோங்கோ மைக்கை நீட்டினார்.

"நாலு புள்ளி எட்டு ஏழு அஞ்சு," என்றான் லுபேகா.

பெண்கள் பக்கம் அம்மாவின் கைவிசிறி நின்றது.

கிகோங்கோ புருவத்தைச் சுருக்கினார். "தகட்டுக்கு மூணு புள்ளி ஒன்பதுதானே? நான் பொஸ்தகத்துல பாத்திருக்கேன்."

"தகடு கம்மியாச் சொல்லுது, ஐயா."

அவர் திரும்பி மாமரத்தடி வண்டியைப் பார்த்தார். நான் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன்.

"அடக்கம்!" என்று கத்தினார் கிகோங்கோ. "ஜப்பான்காரனோட அடக்கம்! கேட்டீங்களா? மூணுன்னு எழுதிட்டு உள்ள கிட்டத்தட்ட அஞ்சு வெச்சிருக்கான்!"

அவருடைய தம்பிமார் எழுந்து கைதட்டினார்கள். மத்தளம் தொடங்கியது. பெண்கள் பக்கம் விசிறி மெல்ல அசைந்தது. யாரோ எங்கள் சேவலை வாங்கிக்கொண்டார்கள். அத்தை நன்டேஸாவைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார். அவள் லுபேகாவின் கன்ஸுவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கைபேசியில் எண்ணை ஏற்றி, என் பெயரையும் போட்டேன். கோழி நிச்சயம் என்று தோன்றியது.

கிகோங்கோ கிரீஸைப் பொருட்படுத்தாமல் லுபேகாவின் தோளில் கைபோட்டார். மைக்கை அவன் வாயருகே பிடித்தார்.

"மாப்பிள்ளை, இவ்வளவு பெரிய எண் உன் பட்டியல்ல வேற எந்தெந்த வண்டிக்கு இருக்கு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசி."