கூடையில் வந்த கொழுந்தன்

பூமி குலுங்கியபோது அவள் ஐம்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடி அறைக்குள் இருந்தாள். கிரேன் இப்படியும் அப்படியும் பேயாட்டம் ஆடியது. இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் அடங்கியதும் வாக்கி டாக்கியில் மேஸ்திரியின் குரல் வந்தது.

"இறங்கி வந்துடும்மா. கிரேன நம்ப முடியாது."

எதிரே, பாதி கட்டிய கட்டடத்தில் படிக்கட்டு ஆறாம் மாடிவரை இடிந்து கிடந்தது. எட்டாம் மாடியில் நான்கு பேர். ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் கையசைத்தது அவள் கொழுந்தன், கம்பி கட்டுகிறவன். அவன் கண் வைத்திருந்த கிரேன் வேலை அவளுக்குக் கிடைத்ததிலிருந்து, இரண்டு வருடமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணனிடம் சொல்லித்தான் கேட்பான்.

"நான் இறங்கிட்டா அவங்கள யாரு இறக்குறது?" என்றாள். "அடித்தளத்தையும் போல்ட்டையும் நீங்க பாருங்க. பிரேக்க நான் பாக்குறேன். வெறும் கூடைய ஒருமுறை தூக்கிப் பாத்துட்டு ஆள ஏத்தலாம்."

மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்தார். ஜெனரேட்டர் உறுமியது. ஆட்களை ஏற்றும் இரும்புக் கூடை வெறுமையாக மேலே போய், வம்பு பண்ணாமல் இறங்கி வந்தது. முதல் நடையில் அடிபட்டவரும் அவரைத் தாங்கிப் பிடிக்க ஒருவரும் வந்தார்கள். அடுத்த நடையில் கொழுந்தனும் இன்னொருவரும் ஏறினார்கள்.

பாதி வழியில் பூமி மறுபடி குலுங்கியது.

கூடை ஊஞ்சலாடியது. இழுத்து நிறுத்தக் கை பரபரத்தது. அப்படி இழுத்தால் ஆட்டம் கூடும். பிரேக்கைப் போட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

கூடையில் வைத்தனுப்பிய வாக்கி டாக்கியிலிருந்து குரல் கரகரத்தது. "அண்ணி."

அவள் பட்டனை அழுத்தினாள். "சொல்லு தம்பி."

"கண்ண மூடிக்கட்டுமா?"

"மூடிக்கோ. கம்பிய மட்டும் விட்டுடாத."

ஆட்டம் சிறுத்து நின்றது. அங்குலம் அங்குலமாக இறக்கினாள். கூடை தரையைத் தொட்டதும் கீழே நின்றவர்கள் ஓடிவந்து அவர்களைத் தாங்கிக்கொண்டார்கள்.

அவள் ஏணியில் இறங்கி வந்தாள். கடைசிப் படியில் கொழுந்தன் கை கொடுத்தான். "அண்ணன்கிட்ட பேசிட்டேன். வீடு நிக்குதாம். சமையலறைச் சுவர்தான் வெடிச்சிருக்காம்."

"நிக்குதுல்ல, பூசிக்கலாம்."

அடிபட்டவரின் காலை டாக்டர்கள் காப்பாற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள், பக்கத்துத் தெருவில் சரிந்த சுவர்களை அகற்ற ஒரு லாரி கிரேன் வந்தது. ஓட்ட அவளைக் கூப்பிட்டார்கள். கீழே நின்று கை காட்டி வழிசொல்ல நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றாள்.

"நான் வரேன் அண்ணி," என்று கொழுந்தன் முந்திக்கொண்டான்.

மாலைக்குள் பாதித் தெரு திறந்துவிட்டது. தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தது.