டேமேஜ் சரக்கு

என் அக்கா புருஷன் கில்பர்ட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார் என்று சொல்வேன். அன்றும் அப்படித்தான் வந்தார். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, மட்டன் குழம்பு ஒட்டிய விரலோடு என் லேப்டாப்பைத் தொட்டார். 

அதில் செருகியிருந்த பென்டிரைவில் இருந்தது அப்பாவின் குரல்.

அப்பா டொமினிக், விசில் இல்லாமலே மைதானத்தை அடக்கிய பி.டி. மாஸ்டர். பிடிக்காத எதற்கும் "ச்சீ" என்பார். ஆறிப்போன காபிக்கு ஒரு ச்சீ, பஸ் ஸ்டாப்பில் எச்சில் துப்புகிறவனுக்கு ஒரு ச்சீ, மாப்பிள்ளை அடிக்கும் ஜோக்குக்கு நீளமாக ஒன்று. தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே தம்பி ரயான் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தான். அவற்றைப் போனில் பட்டன்களாக ஏற்றித் தருவதாக, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சுப்ரியா சொல்லியிருந்தாள். மறுநாள் காலை போகவேண்டும். பதிவு இல்லையென்றால் போனில் இருக்கும் பெண் குரல்தான். அதை ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிப்பதுபோல் அது சொன்னதும், அப்பா போனைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரயான் தன் மேக் கம்ப்யூட்டரை விற்றுத் தொலைத்துவிட்டு, கப்பலில் சவுண்டு வேலைக்குப் போய்விட்டான். பதிவுகளையெல்லாம் ஒரே ஃபைலாகக் கட்டி பென்டிரைவில் போட்டிருந்தான். உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். 'அப்பா வாய்ஸ்', அதன் வாலில் டி.எம்.ஜி. என் விண்டோஸ் லேப்டாப்போ, இதை எதைக்கொண்டு திறப்பது என்று என்னையே கேட்டது.

கில்பர்ட் அத்திபெலேயில் ஒரு குடோனுக்கு மேனேஜர். அங்கே நசுங்கித் திரும்பி வரும் பெட்டிகள்மேல் டி.எம்.ஜி. என்று எழுதி ஓரங்கட்டுவார்கள். டேமேஜ் என்பதன் சுருக்கம்.

"இதுக்கா இவ்ளோ கலாட்டா? இங்க பாரும்மா நோரா, உன் தம்பியே டி.எம்.ஜி.ன்னு எழுதி வச்சிருக்கான். ஃபைல் டேமேஜ். எங்க குடோன்ல இது நேரா ஸ்கிராப்தான்."

"அது மேக் ஃபைல் அத்தான். இதுல திறக்கல, அவ்ளோதான்."

"டி.எம்.ஜி.க்கு எனக்கே அர்த்தம் சொல்றியா?"

வாலை வெட்டி எம்பி3 என்று போட்டார். பாடவில்லை. பெயரை மாற்றினால் பாடுமா? இவருக்கு மேனேஜர் என்று பேர் வைத்தால் புத்தி வந்துவிட்டதா?

"பார்த்தியா, டேமேஜ்! மாமா அந்த லேடீஸ் வாய்ஸையே சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும். சும்மனே டென்ஷன் ஆகாதே. இதை க்ளீன் பண்ணித் தரேன், பாட்டாவது போட்டுக்கோ."

நான் அப்பாவுக்குக் கஞ்சி எடுக்கத் திரும்பினேன். மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த அப்பா டம்ளரால் டங்கு டங்கென்று அடித்தார். பதறிப் பார்த்தால், பென்டிரைவை மொத்தமாக அழித்து ஃபார்மட் பண்ணவா என்று திரையில் கேட்கிறது, குழம்பு விரல் சரி என்பதற்குப் போகிறது. பாய்ந்து பென்டிரைவைப் பிடுங்கினேன்.

"ஏன்டி எரிஞ்சு விழறே? நல்லதுக்குத்தானே பண்றாரு" என்றாள் ஜூலியா அக்கா.

"நல்லதாம், மண்ணாங்கட்டி!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்டர்நெட்டில் தேடினேன். அது குழம்பு விரலைவிட அசிங்கம். 'டி.எம்.ஜி. திறக்க இலவசம்' என்று பச்சைப் பட்டன் கூப்பிடும். அழுத்தினால் ரம்மி விளம்பரம், தொப்பை குறைக்கும் பொடி. அழுகையைச் சுரண்டிப் பிழைக்கிற ஜென்மங்கள். கடைசியில் ஒரு புண்ணியவான் ஒரே வரியில் எழுதியிருந்தான்: செவன் ஜிப் போதும். ஆபீஸ் ஃபைல்களைப் பிரிக்க நான் தினமும் தேய்க்கிற அதே செவன் ஜிப்!

வாலைப் பழையபடி ஒட்டவைத்து, செவன் ஜிப்பில் திறந்தேன். புரியாத பெயர்களில் ஃபோல்டர்கள். நடுவே ஒன்றில் பதிவுகள்.

"எனக்குத் தண்ணி வேணும்." அப்பாவேதான். "நன்றி சிஸ்டர்." "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க." எல்லாம் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மரியாதை வாக்கியங்கள். குரல் அப்பாவுடையது, பேச்சு யாருடையதோ.  கடைசிப் பதிவில் ரயான் சிரித்துக்கொண்டே, "இன்னும் ஒரே ஒண்ணுப்பா" என்றான்.

"ச்சீ! போதும்டா, மைக்கை எடு."

தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார் கில்பர்ட். "நான் அன்னிக்கே சொன்னேனே மாமா, சரியா ட்ரை பண்ணா திறக்கும்னு!"

அப்பா போனை எடுத்தார். தண்ணீரைத் தாண்டி, நன்றியைத் தாண்டி, சுப்ரியா தனியாக வெட்டி ஏற்றியிருந்த கடைசிப் பட்டனுக்கு விரல் போனது.

"ச்சீ!"

கில்பர்ட்டின் கை சோற்றிலேயே நின்றது. "என்ன நோரா, போன் டேமேஜா?"

அப்பா இன்னொரு தடவை அழுத்தினார்.