தட்டு பிடிக்க ஓர் ஆள்

என் மாமனார் தையல்காரராக இருந்தவர். முட்டைக்கோஸை நறுக்கச் சொன்னால் இழை இழையாக அளவெடுத்து நறுக்குவார்.

"மாமா, இது சட்டை இல்ல, சாப்பிடறது."

"மெல்லிசா நறுக்கணும்னு அவ சொல்லியிருக்கா மாப்பிள்ளை" என்றார், கத்தியை விட்டுக்கொடுக்காமல்.

அவள் என்றால் அவர் மகள், என் மனைவி. கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே அவளுடைய அறைத்தோழி ஜப்பான்காரி. அவளிடம் கற்றுக்கொண்ட ஒகோனோமியாகி என்ற கோஸ் அடையைப் போன விடுமுறையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கோஸ், மாவு, முட்டையை மேலாகக் கலந்து, இரும்புச் சட்டியில் கனமாகப் பரப்பி, கறித் துண்டுகளை அடுக்கி மூடிவைக்க வேண்டும். வெந்ததும் மேலே ஊற்ற அங்கிருந்தே ஒரு பாட்டில் சாஸ் கொண்டுவந்திருந்தாள். கரண்டியால் அழுத்தினால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். அந்த விடுமுறை முழுக்க வீடு கலகலவென்று இருந்தது.

இப்போது அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். அப்பாவைக் கேட்டாள். "மாப்பிள்ளை இஷ்டம்" என்று அவர் நழுவிவிட்டார். அவள் திரும்பி வர வேண்டும் என்று எனக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் "உன் இஷ்டம்"தான் வருகிறது. ஆசைப்பட்டுப் போன வேலை, குறுக்கே நிற்கக் கூடாது என்று ஒரு வெட்டி வீறாப்பு.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வேலையில், எதிரே இருப்பவன் "பிடிச்சிட்டேன்" என்று சொல்லும்வரை கனமான எதையும் விடக் கூடாது. சொன்ன பிறகு யோசிக்கவும் கூடாது. இந்தப் பழக்கம் சமையலறைக்கும் வந்துவிட்டது. சட்டியை நான் இரண்டு கையாலும் தூக்குவேன். அவள் தட்டை நீட்டி "பிடிச்சிட்டேன்" என்பாள். நான் சாய்ப்பேன். தட்டில் வழுக்கி விழுந்ததை அவள் சட்டியிலேயே கவிழ்த்து மறுபக்கம் வேகவைப்பாள்.

இன்று மதியம் வீடியோ கால் போட்டு, போனை எண்ணெய்ப் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன். அவள் தன் அறையில் சாப்பிட்டு முடித்து, காலித் தட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரம் சிவந்துடுச்சா?"

"ம்."

"அழுத்தினீங்களா?"

"இல்லவே இல்ல."

"ரெண்டு தடவை அழுத்தினார்" என்று மாமனார் போட்டுக்கொடுத்தார்.

அவரே தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சுட்டுக்குவீங்க மாமா, உக்காருங்க."

"அப்ப யாரு பிடிப்பா?" என்று முறைத்தார்.

மேடையில் ஒரு தட்டை வைத்து அதில் வழுக்கவிடலாம் என்று நினைத்துச் சட்டியைத் தூக்கினேன். போனில் அவள் முன்னால் குனிந்தாள். அவள் கை தானாகவே அந்தக் காலித் தட்டை எடுத்து நீட்டியது.

"பிடிச்சிட்டேன்" என்றாள்.

நான் போனை நோக்கிச் சட்டியைச் சாய்த்துவிட்டேன்.

பாட்டில் உருண்டது. போன் கோஸுக்கு அடியில் போனது. மாமனார் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் மாவை வழித்துத் திரையைத் துடைத்தேன். அவள் இன்னும் தட்டை நீட்டியபடியே இருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"இங்க உக்காந்துகிட்டு பிடிச்சிட்டேன்னு சொல்லிட்டேனே…"

"வந்துடு" என்றேன். "உன் இஷ்டம்னு சும்மா சொன்னேன். நீ இல்லாம என்னால முடியல. வந்துடு."

"எனக்கும் அதேதாம்மா" என்றார் மாமனார், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நான் கொண்டுவந்த சாஸ் எவ்வளவு இருக்கு?"

"பாதி பாட்டில்."

"தொடாதீங்க. நான் வர்றேன்."

மாமனார் ஏற்கெனவே திறந்துவைத்திருந்த சாஸ் பாட்டிலை எடுத்து, மூடியை இறுக்கித் திருகினார். மேடையில் கிடந்ததை வழித்துச் சட்டியில் போட்டு வேகவைத்து, சாஸ் இல்லாமலே இரண்டு பேரும் சாப்பிட்டோம்.