ரிட்டன் லோடில் வந்த கார்

“சாயங்காலம் அசர் தொழுகைக்குத் தூக்கிருவோம் மைனி. அதுக்கு மேல வைக்கக் கூடாது” என்றான் சுல்தான், கதவுக்கு வெளியே நின்றபடி. பள்ளிவாசலிலிருந்து உடலைச் சுமக்கும் சந்தூக்கு வந்து இறங்கிவிட்டது.

“அதுக்குள்ள அஷ்ஃபாக் வந்துருவானா?” என்று கொழுந்தனிடம் கேட்டாள் நசிமா.

நாக்பூரில் வேலை பார்க்கும் ஒரே மகன் லாரியில் வந்துகொண்டிருந்தான். அதற்குக் காரணம், கபன் துணிக்குள் ஒன்றும் தெரியாதவர்போல் படுத்திருந்த அவள் புருஷன் பீர் முகைதீன்தான். பழைய மாருதி ஒன்று வாங்கியிருக்கிறேன், ஊருக்கு ஓட்டி வருகிறேன் என்று மகன் போனில் சொன்னதும் மனுஷர் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“பெட்ரோலுக்கு ஊத்தியே ஓட்டாண்டி ஆயிருவ. சிவகாசி வெடி ஏத்திப் போற லாரி காலியாத்தான திரும்புது? பருப்பு மூட்டையோட காரையும் ஏத்து. அரை வாடகை. நீயும் கேபின்ல உக்காந்து வா, டிக்கெட் மிச்சம்.”

விருதுநகரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். ஒரு வண்டி காலியாகத் திரும்புகிறது என்றால் அவருக்குச் சோறு இறங்காது. “உங்களையும் ஒருநாள் ரிட்டன் லோடுலதான் ஏத்தணும்” என்று நசிமா எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். இப்போது அந்த வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

விடிகாலையில் அவர் மூச்சு நின்றபோது லாரி ஓசூரைத்தான் எட்டியிருந்தது. “பஸ்ஸப் பிடிச்சு வாய்யா” என்று செல்போனில் சொன்னாள். அப்புறம் லைன் கிடைக்கவில்லை. இந்தக் கஞ்சத்தனத்தால் பிள்ளை முகம் பார்க்காமல் போகப் போகிறாரே என்று அவர்மேல் கோபம் வந்தது. மையத்தாகக் கிடக்கிறவர்மேல் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது.

அசர் பாங்கு சொல்லும் நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கூரையெல்லாம் பருப்புத் தூசி, பம்பரில் வைக்கோல். இடப்பக்கக் கதவைத் திறந்து ஓடிவந்த அஷ்ஃபாக், அத்தாவின் முகத்தருகே உட்கார்ந்தான். நசிமா அவன் முதுகில் கை வைத்துக்கொண்டாள்.

ஓட்டி வந்தவர் லாரி டிரைவர் சங்கிலிமுத்து. வெளியே அவர் சுல்தானிடம் சொல்வது கேட்டது.

“ஒரு மண்மேட்டுல லாரிய ஒட்டி நிறுத்திக் கார இறக்கிட்டோம். லாரிய மாத்து டிரைவர் கொண்டாருவாரு.”

“தம்பியே ஓட்டிட்டு வந்திருப்பானேய்யா.”

“கேக்கத்தான் செஞ்சாரு. நான் குடுக்கல. ‘வாடகை கெடக்கட்டும்லே, அவன் அம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வந்தா எனக்கு உசுரு நிக்காது. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஸ்டீரிங்க அவன்ட்டக் குடுத்துராத. எம் பொண்டாட்டிட்டச் சொல்லிராத, சிரிப்பா’ன்னு லோடுக்குக் கெளம்பும்போதே மொதலாளி சொல்லி விட்டாக.”

நசிமா சிரிக்கவில்லை. புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தூக்கைத் தூக்கினார்கள். குறுகலான தெரு. கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

“யாராச்சும் கொஞ்சம் பின்னால எடுங்கப்பா” என்றது ஒரு குரல்.

அஷ்ஃபாக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நசிமா அவன் கையைப் பிடித்தாள்.

“நீ எடுக்காத. ஓட்டிட்டு வந்த டிரைவரே எடுக்கட்டும்.”