கோதாவுக்குப் போன கூரை

மதலேனாள் டீச்சருக்கு வேண்டியிருந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூரை. ஆனி மாதத்துச் சாரல் தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் தலைக்கு மேலே வானம்தான் இருந்தது. போன வருஷம், 1936-இல், வேலாங்கரடு பஞ்சாயத்து போர்டு பயில்வான் கருத்தக்கண்ணனுக்குக் குஸ்திக் கொட்டகை கட்டியது. இரவல் என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்துக் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அவை திரும்பி வரவேயில்லை.

பயில்வான் அந்தக் கொட்டகையில் இன்னும் ஒரு குஸ்திகூடப் போடவில்லை. "இன்னும் பெருசாக் கட்டலைன்னா கம்பம் ஊருக்குப் போயிருவேன்" என்று மாதம் தவறாமல் மிரட்டுவது மட்டும்தான் அவர் வேலை. உடனே ஊர் நடுங்கும். கோதா மண்ணைப் பதப்படுத்த வீட்டுக்கு வீடு நல்லெண்ணெயும் மோரும் கிளம்பும். பிள்ளைகள் மோருக்கு ஏங்க, மண் குடித்துக் கொழுத்தது.

கொட்டகை ஊருக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று விசாரித்து, கூட்டத்தில் போட்டு உடைத்துவிடுவது என்று டீச்சர் முடிவெடுத்தார். வெட்கப்பட்டாவது ஓடுகளைத் திருப்பித் தருவார்கள் அல்லவா? நல்ல எண்ணம்தான். ஆனால் மொய் எழுதியே வளர்ந்த ஊரில் போய், "நீங்க எவ்வளவு குடுத்தீக?" என்று கேட்கலாமா?

முதல் வீட்டுக் கஸ்தூரியம்மாள், "ஒரு படி எண்ணெய்தான் டீச்சர்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். கதவைச் சாத்தப் போனவள் நின்றாள்.

"எதுத்த வீட்டு இருளம்மா எம்புட்டுச் சொன்னா?"

"அங்கன இனிமேத்தான் போகணும்."

"அப்ப எனக்கு ஒரு குடம்னு போட்டுக்கங்க."

இருளம்மாள் இரண்டு குடம் என்றாள். கொட்டகைக்குச் சல்லிக்காசு கொடுக்காத சுருளியாண்டிகூட, ஒரு ஜோடி உழவு மாட்டைக் கொடுத்ததாகச் சாதித்தார். மாடுகள் இரண்டும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கொட்டகையிலேயே ஊர்க்கூட்டம். போர்டு தலைவர் குருசாமி, டீச்சர் விசாரித்து எழுதிய பட்டியலை வாங்கி உரக்க வாசித்தார். மலைக்க வைக்கும் தொகை. ஒருவராவது வெட்கப்படவேண்டுமே? கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது.

"கம்பத்துக்காரக இதுக்கு மேல செய்வாகளா?" என்று மீசையை முறுக்கினார் குருசாமி. கடைசியாக, "பள்ளிக்கூடம், ஓடு அறுநூறு" என்று வாசித்து உச்சுக்கொட்டினார். "பாவம், அவுகளால முடிஞ்சது அம்புட்டுத்தான்."

மதலேனாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவமா? அவர் பள்ளிக்கூடமா? கொடுக்காத மாட்டைவிடக் கீழேயா?

"ரெண்டாயிரம்!" என்று எழுந்து கத்தினார். "ரெண்டாயிரம் ஓடு! இரவல் இல்ல, இனாமாக் குடுத்தது!"

கூட்டமே எழுந்து நின்றது. பயில்வானே வந்து மாலையை நீட்டினார். உட்கார்ந்த பிறகுதான், தன் வாய் என்ன சொல்லித் தொலைத்தது என்று டீச்சருக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் சாரலில் நனைந்தபடி பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நம்மதான் ஊருலயே ஜாஸ்தியாக் குடுத்தோமாமே டீச்சர்?"

"ஆமா" என்றார் மதலேனாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெருமையாகவும் இருந்தது.