ஏழாவது டேக்

சண்முகசுந்தரம் அந்த இரண்டு பக்கத்தை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டார். முப்பத்தோரு வருடம் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து விபத்து அறிக்கை எழுதித் தேய்ந்த கை அது. ஆனால் பெற்ற மகன்மேல் எழுதுவது இதுதான் முதல் தடவை, பேனா ஓடமாட்டேன் என்றது. ஞாயிற்றுக்கிழமை ஹரி வருகிறான். மாலையில் நகரியத்தில் அவனுக்குப் பாராட்டு விழா. அவன் மேடை ஏறுவதற்குள் ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

இயக்குநர் ஹரியை நெய்வேலியில் எந்த பிளாக்கில் கேட்டாலும் தெரியும். பத்து வருடத்தில் ஐந்து அதிரடிப் படம், ஐந்தும் ஓடின, மூன்றுக்கு விருது. “என் படத்துல கிராபிக்ஸ் கிடையாது. குதிக்கறதும் நிஜம், விழறதும் நிஜம்” என்று பேட்டிக்குப் பேட்டி சொல்வான். வெளிநாட்டு விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அப்பாவுக்கோ அந்தப் படங்களை நிம்மதியாக உட்கார்ந்து பார்க்க முடியாது. ஊரே விசிலடிக்கும் இடத்தில் இவர் கண் கயிற்றை எங்கே கட்டியிருக்கிறார்கள், கீழே என்ன போட்டிருக்கிறார்கள் என்று தேடும். “படம் பாக்க வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா” என்று மனைவி உமாராணி இருட்டில் தொடையைக் கிள்ளுவாள்.

ஐந்தாவது படத்தில் நாயகன் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து விழுவானே, தியேட்டரே எழுந்து நின்ற இடம், அங்கே விழுந்தது கொளஞ்சிநாதன். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரன். முன்பு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தான். பெல்ட் மாட்டாமல் கம்பிமேல் தாவி ஏறியதற்காக சண்முகசுந்தரமே அவனை மூன்று தடவை வேலையிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார். முதல் படத்துக்கு ஆள் தேடி வந்த ஹரிக்கு அதே கொளஞ்சியைக் கண்டதும் வாயெல்லாம் பல். அப்பா எதற்காகத் துரத்தினாரோ அதற்காகவே மகன் அவனைச் சென்னைக்கு அழைத்துப் போனான். ஐந்து படத்திலும் நாயகனுக்குப் பதிலாகக் குதித்தவன் அவன்தான். ஐந்தாவதில் விழுந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று.

வைத்தியமெல்லாம் ஹரி நன்றாகவே பார்த்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதுகெலும்பு முறிந்த அதே காட்சியைப் படத்தில் வைத்தான். வைத்ததோடு விட்டானா, கொளஞ்சியின் முகத்தை அழித்து நாயகனின் முகத்தை ஒட்டினான். கிராபிக்ஸே தெரியாத மகானின் படத்தில் உள்ள ஒரே கிராபிக்ஸ் அதுதான். நாயகன் எல்லாவற்றையும் தானே செய்தார் என்று விளம்பரம். வேறு மாதிரி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

போன மாதம் பார்க்கப் போனபோது கொளஞ்சி கட்டிலில் சாய்ந்தபடி சொன்னான்.

“எனக்கு ஒண்ணும் வாணாம் சார். பொண்ணு தமிழ்நிலாதான் அழுவுது. எங்கப்பாதான் வுழுந்தாருன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிகினு இருந்துச்சாம். பொய் சொல்றன்னு பசங்க கிண்டல் பண்ணிகினே இருக்குதுங்க. வூட்டுக்கு வந்து என்னையே கேக்குது, நெசமாவே நீதானாப்பான்னு. நானும் போன்ல போட்டுப் போட்டுப் பாக்குறேன். ஹீரோ மூஞ்சிதான் தெரியுது. எனக்கே சந்தேகம் வந்துரும் போல இருக்குதுங்க.”

போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, “ஹரி சாரு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், வுழுந்தது நான்தான்னு” என்றான்.

அன்றிலிருந்து எத்தனை முறை போன் செய்தாலும் ஹரியிடமிருந்து ஒரே பதில்தான். பாக்கலாம்ப்பா. சண்முகசுந்தரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசிப் பிரயோசனமில்லை என்று தனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தார். கொளஞ்சியையும் அவன் விழுந்த அன்று உடனிருந்த இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்தார். காயம்பட்டவர் பெயர், தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதினார். விழுபவனைத் தாங்கக் கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் காலை மழையில் நனைந்தவை, மாற்றப்படவில்லை. காரணம்: நான்காவது டேக் சரியாக வந்த பிறகும் இயக்குநர் ஏழாவது வரை குதிக்கச் சொன்னது. அதன் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டார்.

ஞாயிறு மதியம் ஹரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்ததும் காகிதத்தை நீட்டினார்.

“என்னப்பா இது?”

“படிச்சுப் பாரு.”

ஹரி நின்றபடியே படிக்க ஆரம்பித்தான். பாதியில் நாற்காலியில் உட்கார்ந்தான். போன் அடித்தது, எடுக்கவில்லை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் சண்முகசுந்தரத்துக்கு இத்தனை நாள் கோபமும் கரைந்து, என்ன இருந்தாலும் என் பிள்ளை என்று மனசு துள்ளியது. அவன் கை நீட்டினான். அவர் அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

ஹரி ஏழாவது டேக் என்ற இடத்தில் வட்டம் போட்டான். பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘இடைவேளை’ என்று எழுதினான்.

“நீங்க இப்படி எழுதுவீங்கன்னு தெரியாமப் போச்சேப்பா.”

“இது கதை இல்லடா. அறிக்கை. கீழ கையெழுத்துப் போடு.”

“அதுதான்ப்பா அழகே. ஒரு வார்த்தை அதிகமில்ல. நாலாவதே ஓக்கே, இருந்தும் ஏழாவது. அடுத்த படம் இதுதான்.”

“கொளஞ்சி பொண்ணுக்கு ஒரு காகிதம் வேணும். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“போட்டா அக்ரிமென்ட் என்னைச் சும்மா விடாதுப்பா. பேரை மாத்திப் படமா எடுத்தா யாரு கேப்பா? ஜனங்க அழுதுட்டே வெளிய வருவாங்க. கொளஞ்சிக்கு இதவிட என்ன மரியாதை செய்ய முடியும்?”

உமாராணி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். சண்முகசுந்தரம் சுரங்க விசாரணையில் கேட்பதைப் போலவே கேட்டார்.

“கொளஞ்சியா யார் நடிக்கறது?”

“நம்ம ஹீரோதான். கேட்டா உடனே ஒத்துக்குவார்.”

“தொட்டிமேலேர்ந்து விழறது?”

ஹரி இரண்டாவது பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

“அதுக்குப் பசங்க இருக்காங்கப்பா.”